பேச்சியின் வழி, என் பெயர்

போன ஆவணியில் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். கடைசி நாள் சாயங்காலம் அலுவலகத்தில் பப்ஸும் டீயும் வாங்கி வைத்து என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு இளம்பெண்கள் சேர்ந்து ஒன்று கேட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் படிப்பதற்கு, ‘மங்கை முறை’ எப்படி வந்தது என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் பேனாவைத் தொடவில்லை.

மங்கை என்பது நான்தான். ஆனால் அந்த முறையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கண்டுபிடித்தவள் பேச்சியம்மாள் என்று என்னோடு வேலை பார்த்தவள். மூன்றாவது வாரம் அலுவலகத்துக்குப் போய் இதைச் சொன்னேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முறையை எழுதிச் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் என் பெயரை அடித்து அவள் பெயரை நானே எழுதிவிட்டு வந்தேன். அது ஏன் இத்தனை வருஷம் என் பெயரில் இருந்தது என்பதை அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் செய்த வேலை போடியிலேயே பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கட்டுகிறோம் என்று நினைப்பார்கள். நாங்கள் எதையும் கட்டவில்லை. வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் கேரளத்து சர்ச் பாடகர் குழுக்களும் கையால் எழுதிய மேற்கத்திய இசைத்தாள்களை அனுப்புவார்கள். ஐந்து கோடு, அதன்மேல் கறுப்புச் சுரங்கள். அதைப் பார்த்து மென்பொருளில் பதித்து, அச்சுக்குப் போகிற மாதிரி திருப்பி அனுப்புவோம். ஏலக்காய்க் கிடங்கு ஒன்றின் மாடியில் அலுவலகம். கீழே காய் சலிக்கும்போது எழும் தூசி கீபோர்டுக்குள் போய் உட்காரும். சனிக்கிழமைதோறும் பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று.

நான் மதுரையில் வயலின் படித்து டிப்ளமா வாங்கியவள். பள்ளி ஆசிரியரைக் கட்டிக்கொண்டு போடிக்கு வந்தேன். இரண்டு வருஷம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துவிட்டு அந்த மாடிப்படி ஏறினேன். ஆறே மாதத்தில் வேலை பிடிபட்டுவிட்டது.

அலுவலகத்தை நடத்தியவர் அன்னம்மா டீச்சர். இடுக்கிப் பக்கத்துக்காரர். ஏலக்காய் வியாபாரியைக் கல்யாணம் செய்து போடிக்கு வந்து, அவர் இறந்த பிறகு மாடியை இதற்கென்று ஒதுக்கியவர். பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்ததால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. வேலை சரியாக இருந்தால் அடுத்த கட்டுத் தாளை நம் பக்கம் நகர்த்தி வைப்பார். அவ்வளவுதான் பாராட்டு.

பிழை பார்ப்பதற்கு அவர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ஒருத்தி பதித்ததை இன்னொருத்திதான் பார்க்கவேண்டும். பதித்ததைத் தாளில் எடுத்து, மூலத்தைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலைக் கோடு கோடாக இறக்கிக்கொண்டே போகவேண்டும். இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருப்பதைக் கட்டம் என்போம். பிழை இருக்கிற கட்டத்தின் எண்ணை மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறிக்கவேண்டும். என்ன பிழை என்று எழுதக்கூடாது. எழுதினால் பதித்தவள் அதை மட்டும் திருத்துவாள், எண்ணை மட்டும் எழுதினால் முழுக்கட்டத்தையும் திரும்பப் படிப்பாள் என்பார் டீச்சர். பார்த்து முடித்தவள் தாளின் அடியில் கையெழுத்துப் போடவேண்டும்.

இனி அந்த முறை, அதற்கு முன்னால் பழைய வழி. ஒரு தாளத் தட்டுக்குள் இரண்டு சுரங்கள் சமமாக வந்தால் பதிப்பது சுலபம். நீளத்தை ஒருமுறை சொல்லிவிட்டுச் சுரங்களைத் தட்டிக்கொண்டே போகலாம். முதல் சுரம் முக்கால் பங்கும் அடுத்தது கால் பங்குமாக வந்தால் முதல் சுரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வரும். அதையே திருப்பிப் போட்டுக் கால் பங்கு முன்னாலும் முக்கால் பின்னாலும் வந்தால் புள்ளி இரண்டாவது சுரத்துக்குப் போகும். எங்களுக்குள் முதலாவதை நெட்டைகுட்டை என்றும் அடுத்ததைக் குட்டைநெட்டை என்றும் சொல்லிக்கொள்வோம். ஒரு நெட்டைகுட்டைக்குக் கீபோர்டில் ஐந்து கட்டைகளை அமுக்கவேண்டும். பெரிய நீளத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று, சுரத்துக்கு ஒன்று, பிறகு சின்ன நீளத்துக்கு ஒன்று, அதன் சுரத்துக்கு ஒன்று. குட்டைநெட்டைக்கும் ஐந்துதான், வரிசை மட்டும் வேறு. இரண்டும் கலந்து வருகிற பாட்டில் விரல் தடுமாறும். நான் தடுமாறாமல் செய்வேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

பேச்சி வந்தது நான் சேர்ந்து சில வருஷங்கள் கழித்து. என்னைவிட மூன்று வயது சின்னவள். மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காய் எடுக்கிற வேலை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த ஒரு கீபோர்டு கிடந்ததாம், அதில் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய சங்கீதம் முழுவதும். ஜீப் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு குரங்கணியில் இருந்தாள். அங்கிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். தாளைப் பார்த்துப் படிப்பதில் மெதுதான். முதல் மாதம் அவளைப் பார்த்து எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

ஒருநாள் பேண்டு வாத்தியத்துக்கான அணிவகுப்பு இசை ஒன்றை டீச்சர் இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார். பக்கம் முழுக்க நெட்டைகுட்டை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சி தன் பாதியை முடித்து டீச்சர் மேசையில் வைத்துவிட்டாள். நான் முடிக்கும்போது நாலு மணி. அவசரத்தில் குப்பையாகப் பதித்திருப்பாள் என்று நானே வலியப் போய்ப் பிழை பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். மறைக்கவே இல்லை, நாற்காலியை நகர்த்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினாள். முதல் கட்டத்தில் ஒரே சுரத்தை வைத்து நெட்டைகுட்டைத் தாளத்தை மட்டும் பதித்தாள். அந்தக் கட்டத்தைப் பிரதி எடுத்துப் பக்கம் முழுவதும் நிரப்பினாள். இப்போது திரையில் எல்லா இடத்திலும் ஒரே சுரம், ஆனால் நீளமும் புள்ளியும் எல்லாம் தயார். பிறகு மென்பொருளில் ஒரு நிலைக்கு மாறினாள். அந்த நிலையில் சுரத்தைத் தட்டினால் நீளம் அசையாது, சுரம் மட்டும் மாறும். இரண்டு சுரத்துக்கு இரண்டே கட்டை. தாளம் மாறுகிற இடங்களுக்கும் அப்படியே. நாலு தட்டுள்ள ஒரு கட்டத்தில் வரக்கூடிய சேர்க்கைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் பதித்து வைத்திருந்தாள். தேவையானதை எடுத்து ஒட்டிக்கொண்டே போவாள்.

“யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டேன்.

“யாரும் சொல்லலக்கா. கை தவறி எதையோ அமுக்கிட்டேன். பாத்தா நீளம் அப்படியே நிக்கிது, சுரம் மட்டும் மாறுது. அட, இது வெரசா முடியுதேன்னு வச்சுக்கிட்டேன்.”

குறுக்குவழி, டீச்சருக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். டீச்சருக்குப் பிடித்திருந்தது. அடுத்த கட்டுத் தாள் பேச்சி பக்கம் நகர்ந்தது. அதற்கடுத்ததும் நகர்ந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது. மதுரையில் எட்டு வருஷம் வில் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்தவள் நான். இவள் கை தவறி ஒரு கட்டையை அமுக்கி என்னைத் தாண்டிவிட்டாள். வீட்டில் சாதாரணமாக இதைச் சொன்னபோது என் கணவர், பரவாயில்லையே, கெட்டிக்காரப் பெண் என்றார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டுவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன். அலுவலகத்தில் அவள் சிரிப்பது, டிபன் பாக்ஸைத் திறப்பது, ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது என்று எல்லாமே என் கண்ணை உறுத்தியது. எல்லாவற்றையும்விட ஒன்று. டீச்சர் என்னை மங்கை என்று கூப்பிடுவார். அவளை, மோளே என்று கூப்பிட ஆரம்பித்தார். மலையாளத்தில் மகளே என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறார் என்று கவனிக்கிற அளவுக்கு நான் போய்விட்டேன்.

அவள் முறையை நான் பயன்படுத்தவில்லை. பிடிவாதமாக ஐந்து கட்டைகளை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில் டீச்சருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. வெளியே போகிற எல்லாத் தாள்களையும் கடைசியாக அவர்தான் ஒருமுறை பார்ப்பார். இனி அந்தப் பொறுப்பை உங்களில் ஒருத்திக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னார். யாருக்கு என்று சொல்லவில்லை. பேச்சிக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு புத்தகம் வந்தது. வயலினில் வாசிக்கிற பழைய நடன மெட்டுகள். அந்த ஊர் நடனத்துக்கே நெட்டைகுட்டையும் குட்டைநெட்டையும் மாறி மாறி வருவதுதான் உயிர். ஒரு கட்டத்தில் நாலு தட்டு என்றால் மூன்று நெட்டைகுட்டை, ஒரு குட்டைநெட்டை. அடுத்ததில் தலைகீழ். யாரோ ஒரு வயதானவர் கையால் எழுதிவைத்த பிரதி, மை மங்கிப் புள்ளிகள் கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தன. பேச்சி பதித்தாள். பிழை பார்க்கிற வேலை எனக்கு.

பாதிப் புத்தகம் தாண்டியிருப்பேன். மத்தியானம், கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஒரே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு மெட்டில் பதினோராவது கட்டத்தில் ஸ்கேல் நின்றது. மூன்றாவது தட்டு மூலத்தில் குட்டைநெட்டை. புள்ளி இரண்டாவது சுரத்தின் பக்கத்தில் இருந்தது. பேச்சி பதித்ததில் முதல் சுரத்தின் பக்கத்தில் இருந்தது. ஓரத்தில் 11 என்று எழுதினேன். அதே வரி திரும்பி வருகிற இடங்களைப் பார்த்தேன். பிரதி எடுத்து ஒட்டியதால் பிழையும் கூடவே போய் ஒட்டியிருந்தது. பதினைந்து, இருபத்தேழு, முப்பத்தொன்று. வேகத்துக்குக் கொடுத்த விலை என்று நினைத்தபோது உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. இதைக் காட்டினால் அவள் ஐந்து நிமிஷத்தில் திருத்திவிடுவாள் என்பதும் தோன்றியது.

அப்போது உள் அறையிலிருந்து டீச்சர் குரல் கேட்டது. “மோளே, நாளைக்கு உன்கிட்ட ஒரு காரியம் பேசணும் கேட்டோ.”

ரப்பரை எடுத்தேன். 11ஐ அழித்தேன். அழித்த தூளை ஊதிவிட்டு மிச்சப் பக்கங்களை ஒழுங்காகப் பார்த்து, பார்த்த பிழைகளை எல்லாம் குறித்து, அந்த மெட்டின் தாளில் மட்டும் எண் எதுவும் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். டீச்சரின் மங்கிய கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

கடைசிப் பார்வை யாருக்கு என்று டீச்சர் அறிவிக்கும் முன்பே, சில வாரங்கள் கழித்துப் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. புத்தகம் அச்சாகிவிட்டது. அந்த ஊர் வாசிப்பாளர்கள் அந்த மெட்டை எடுத்தவுடனே பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த மெட்டு. விற்பனையை நிறுத்தி, அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப அச்சிட்டு ஒட்டவேண்டியதாயிற்று. அடுத்து வருவதாக இருந்த இரண்டு புத்தகங்களும் எங்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

டீச்சர் எங்கள் இருவரையும் ஜன்னலோரம் கூப்பிட்டார். மேசையில் மூலப் பிரதியும் நான் கையெழுத்துப் போட்ட தாளும் இருந்தன. பேச்சி பார்த்தவுடனே புரிந்துகொண்டாள்.

“என் கைப்பிழைதான் டீச்சர். ஒட்டும்போது வேற சேர்க்கைய எடுத்துட்டேன்” என்றாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். “மங்கை, நீ கண்டில்லையா?”

“இல்ல டீச்சர். அந்த இடம் கண்ணுல படல.”

டீச்சர் தாளை எடுத்துச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். கண் மங்கலுக்காக அப்படிப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு, போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

பத்து நாளில் பேச்சி வேலையை விட்டுவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று எல்லாரிடமும் சொன்னாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த திங்கட்கிழமை டீச்சர் கடைசிப் பார்வைக்கான தாள்களை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் போன பிறகுதான் நான் அவள் முறைக்கு மாறினேன். ஒன்று மட்டும் சேர்த்தேன். தாளத்தை நிரப்பிய பிறகு, சுரத்தைத் தொடுவதற்கு முன்னால், வெறும் தாளத்தை மட்டும் மூலத்தோடு ஒருமுறை ஒத்துப் பார்க்கவேண்டும். அதைச் செய்தால் பிழை பிரதியாகிப் பரவாது. அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். புதிதாக வந்த பெண்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவர்கள் மங்கை முறை என்றார்கள், அட்டையின் தலைப்பிலும் அப்படியே எழுதினார்கள். முதல் தடவை கேட்டபோது திருத்த வாய் எடுத்தேன். பிறகு எடுக்கவில்லை. நான் கடைசிப் பார்வை பார்த்த வருஷங்களில் ஒரு புள்ளிகூட இடம் மாறி வெளியே போகவில்லை. வேலை திரும்பப் பெருகியது. டீச்சர் இறந்த வீட்டுக்குப் பேச்சி வந்திருந்தாள். நான் கூட்டத்தின் மறுபக்கம் நின்றுகொண்டேன்.

அட்டையில் பெயரை மாற்றி எழுதிய மறுநாள் குரங்கணி பஸ் ஏறினேன். பேச்சியின் வீடு பஸ் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் மேலே. வாசலில் ஜீப் நின்றது. அவள் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்துகொள்ளவில்லை. “வாங்கக்கா. உக்காருங்க, இந்தப் பக்கத்த முடிச்சுட்டு வர்றேன்” என்றாள்.

திரையில் ஓடியது இசைத்தாள். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு நேராக வேலை செய்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சேர்க்கைப் பக்கமெல்லாம் இல்லை. எல்லாவற்றையும் சமச் சுரங்களாகக் கடகடவென்று பதித்துவிட்டு, வேண்டிய ஜோடிகளைத் தேர்ந்து ஒரு குறுக்குவிசையை அமுக்கினாள். அத்தனையும் நெட்டைகுட்டை ஆயின. இன்னொன்றை அமுக்கினாள், குட்டைநெட்டை. அறுபதை நெருங்குகிற வயதில், மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், என் வயிறு எரிந்தது.

அவள் முடித்துத் திரும்பியதும் சொல்லிவிட்டேன். 11 என்று எழுதியது, அழித்தது, கண்ணில் படவில்லை என்று பொய் சொன்னது, அவள் முறையை என் பெயரில் ஓடவிட்டது எல்லாவற்றையும்.

“அழிச்சது தெரியும்க்கா” என்றாள். “டீச்சர் தாள வெளிச்சத்துல சாச்சுப் புடிச்சாங்கள்ல. பென்சில் அழுந்துன தடம் நல்லாத் தெரிஞ்சது. நானும் பக்கத்துலதான நின்னேன்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொன்னேன். நீங்க வீட்டுக்குப் போனப்புறம் டீச்சர்ட்ட கேட்டேன். என் பிழைக்கு நான் ஏத்துக்கிடுறேன், அவுக செஞ்சதுக்கு ஒண்ணும் கெடையாதான்னு கேட்டேன்.”

டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பேச்சி கொஞ்சம் யோசித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று பார்த்திருப்பாள்.

“ரெண்டு பேரும் இனி ஒரே அறையில இருக்க முடியாது மோளேன்னாங்க. அந்தப் பிழையக் கண்டுபுடிச்ச கண்ணு அவளுக்கு மட்டுந்தான் இருக்கு, இனி செத்தாலும் ஒண்ணையும் விட மாட்டான்னாங்க. நீ எங்க போனாலும் பொழச்சுக்குவ, அவளுக்கு இந்தச் சோலிய விட்டா ஒண்ணும் இல்லன்னாங்க. அப்புறம் டீச்சரே நாலு பதிப்பாளருக்கு எழுதி எனக்கு வேலை வாங்கிக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் வாரத்துல ஒரு நாள் போன்ல பேசுவாங்க.” கீபோர்டை உள்ளே தள்ளிவிட்டு, “ரெண்டு வருசம் உங்க பேரக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பெறகு போயிருச்சு” என்றாள்.

உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். நான் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பார்வை நாற்காலியில் என்னை உட்கார வைத்தது என் திறமை என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். நான் அழித்தது தெரிந்தே டீச்சர் உட்கார வைத்திருக்கிறார். அதுகூட அந்த நிமிஷத்தில் பெரிதாகப் படவில்லை. டீச்சர் கடைசி வரைக்கும் வாரம் ஒரு நாள் இவளோடு போனில் பேசியிருக்கிறார். என்னோடு அத்தனை வருஷம் ஒரே மாடியில் இருந்துவிட்டு, தாளை நகர்த்தி வைத்ததைத் தவிர ஒன்றும் சொன்னதில்லை. என்னைப் பற்றி அவர் சொன்னதைக்கூட இவள்தான் எனக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். “என்னப் பத்தி வேற எதாச்சும் சொல்லியிருக்காங்களா, பேச்சி? போன்ல பேசும்போது?”

அவள் நிஜமாகவே நினைத்துப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, கொஞ்ச நேரம்.

“இல்லக்கா” என்றாள். “உங்களப் பத்திப் பேச்சே வந்ததில்ல.”